பள்ளிக்கூடத்தோடு கோபமா? போக முதல் இதை வாசியுங்கோ

தங்கச்சிமாரே, பாரிஸ் லா சப்பலில் மரக்கறி வாங்க நிற்கும்போதே பள்ளிக்கூடத்துக் கதைகள் காதில் விழும். "ரீச்சர் என்ர பிள்ளையை மட்டும்தான் பேசுறா" என்று தொடங்கும். "நாளைக்கு இவர் போய் ரெண்டில ஒண்டு பார்ப்பார்" என்று முடியும். அப்படிப் போக முதல் செய்யவேண்டிய வேலைகள் இருக்கு.

முதல் வேலை, பிள்ளை சொன்னது சரிதானா என்று பள்ளிக்கூடத்திடம் கேட்பது. 2020இல் கொன்ஃப்லானில் சரித்திர ஆசிரியர் சமுவேல் பத்திக்கு நடந்தது நினைவிருக்கும். முஸ்லிம் பிள்ளைகளை அவர் வகுப்பிலிருந்து வெளியே போகச் சொன்னார் என்று 13 வயது மாணவி ஒருத்தி வீட்டில் சொன்னாள். அவள் அந்த வகுப்பிலேயே இருக்கவில்லை. தகப்பன் விசாரிக்காமல் ஆசிரியரின் பெயரை இணையத்தில் பரப்பினார். ஒக்டோபர் 16ஆம் திகதி, எவ்ரோவிலிருந்து வந்த 18 வயதுப் பொடியன் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவே அவரைக் கொன்றான். அவனுக்கு அவரை முன்பின் தெரியாது. அந்த வகுப்பு நடந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

பிள்ளை சொன்னதைச் சரிபார்ப்பது எங்கட வீடுகளில் இன்னும் சிக்கல். பிரெஞ்சு சரியாக வராததால் ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைதான் எங்களுக்குத் தமிழில் சொல்லுது. தன்மேல் வந்த முறைப்பாட்டை எந்தப் பிள்ளையும் முழுசாகச் சொல்லாது. மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

கேற்றடியில் நின்று சத்தம் போடாதேங்கோ. கார்னேயிலோ (தொடர்புக் கொப்பி) புரொனோட் செயலியிலோ எழுதி றொந்தேவு (சந்திப்பு நேரம்) கேளுங்கோ. கொலேஜ் என்றால் முதலில் வகுப்புப் பொறுப்பாசிரியர், பிறகு அதிபர். அங்கேயும் சரிவராவிட்டால் அகதெமியின் மெதியாத்தருக்கு (பிணக்குத் தீர்ப்பவர்) எழுதலாம், செலவில்லை. பிள்ளையை மற்றப் பிள்ளைகள் வதைக்கிறார்கள் என்றால் 3018 என்ற உதவி இலக்கத்துக்கு அடியுங்கோ.

ஆசிரியரின் பெயர், படம், குரல் எதையும் வட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். பத்தியின் கொலைக்குப் பிறகு, 2021 ஓகஸ்ட் 24ஆம் திகதிச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. அரச சேவையாளர் ஒருவருக்குத் தீங்கு வரவேண்டும் என்று அவரின் விபரத்தைப் பரப்பினால் 5 வருடச் சிறையும் 75,000 யூரோ தண்டமும் வரலாம். "உன்ர வீடு எங்க எண்டு எனக்குத் தெரியும்" என்று கோபத்தில் அண்ணாமார் சொல்வதும் மிரட்டல்தான். பொலிசுக்குப் போனால் கோபத்தில் சொன்னது என்ற சமாதானம் எடுபடாது.

கவனிக்கவேண்டியது எங்கட கோபத்தை மட்டுமில்லை; பிள்ளையின் பையையும் இடைக்கிடை பாருங்கோ. 2025 ஜூன் 10ஆம் திகதி, நொஜோன் என்ற ஊரில், பள்ளிக்கூட வாசலில் பை சோதிக்கும் நேரத்தில் 31 வயதுப் பள்ளிக்கூட உதவியாளர் ஒருவரை 14 வயது மாணவன் கத்தியால் குத்திக் கொன்றான். சோதனை நடக்கும்போது முகம் சுளிக்காமல் பையைத் திறந்து காட்டச் சொல்லிப் பழக்குங்கோ.

ஆசிரியரைப் பிரச்சினை வந்த பிறகுதான் முதன்முதலாகச் சந்திக்கவேண்டும் என்றில்லை. இந்தக் கிழமையே கார்னேயைத் திறந்து ஒரு றொந்தேவு கேளுங்கோ.