புதிய சட்டமும் பழைய படிவமும்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்க மாநில அரசுகளின் பரோல் துறைகள் புதிய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவர உதவும் வேலையில் நீ சேர்ந்திருப்பதாக அறிந்தேன். மிகவும் மகிழ்ச்சி. உன்னைப் போல இந்தத் துறைக்குப் புதிதாக வரும் வேறு சிலருக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். அங்கே பரோல் என்றால் மகள் கல்யாணத்துக்கோ தாயின் ஈமச்சடங்குக்கோ கைதிக்குக் கிடைக்கும் சில நாள் விடுப்பு. நீ பார்க்கப்போவது வேறு. தண்டனையின் மிச்சக் காலத்தைச் சிறைக்கு வெளியே, ஒரு பரோல் அலுவலரின் கண்காணிப்பில், நிபந்தனைகளோடு கழிப்பவர்களின் உலகம் அது. இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், வேலை மாறினால் சொல்ல வேண்டும், மது அருந்தக் கூடாது. தவறினால் மறுபடியும் சிறைக்கு அனுப்பப்படலாம். புதிதாக ஒரு குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

இதன் அளவு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு உள்ளே போ. மாநில அரசுகள் கவுன்சிலின் நீதி மையம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநிலச் சிறைகளில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களில் 45 சதவீதம் பேர் பரோலிலோ, சிறைக்குப் பதிலாக விதிக்கப்படும் நன்னடத்தைக் கண்காணிப்பிலோ இருந்தபோது விதி மீறியதாக அனுப்பப்பட்டவர்கள். மொத்தச் சேர்க்கையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெறும் நிபந்தனை மீறலுக்காக வந்தவர். அந்த நான்கில் ஒருவருக்காக மட்டும் மாநிலங்கள் ஆண்டுக்குச் செலவிட்டது 280 கோடி டாலர். இந்தப் பணத்தால் ஊர் பாதுகாப்பானதா என்றால், அப்படிச் சொல்ல ஆதாரம் மிகக் குறைவு. கண்காணிப்பை இறுக்கினால் குற்றம் குறையுமா என்று ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்காக ஆய்வாளர்கள் பீட்டர்சிலியாவும் டர்னரும் 14 இடங்களில் சோதித்து 1993இல் முடிவை எழுதினார்கள். குற்றம் குறையவில்லை. நிபந்தனை மீறல்கள்தான் அதிகம் பிடிபட்டன, அதனால் சிறைக்குப் போகிறவர்களும் கூடினார்கள்.

ஆகவே சட்டங்கள் மாறத் தொடங்கின. லூசியானா 2007இல், முதல்முறை நிபந்தனை மீறியவரை 90 நாளுக்கு மேல் அடைக்கக் கூடாது என்றது. பியூ அறக்கட்டளை பின்னர் ஆராய்ந்தபோது, அத்தகையவர்கள் உள்ளே இருந்த காலம் சராசரியாக 281 நாள் குறைந்திருந்தது. புதிய குற்றத்துக்காகச் சிறை திரும்புகிறவர்களின் விகிதமும் ஏறவில்லை, 22 சதவீதம் இறங்கியிருந்தது. மிசூரி, ஒழுங்காக நடந்துகொள்ளும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் கண்காணிப்பில் 30 நாளைக் கழித்தது.

நீ ஆழமாகப் படிக்க வேண்டியது நியூயார்க்கை. அங்கே 2022 வரை, நிபந்தனை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட உடனே ஒருவரைப் பிடித்து அடைத்துவிட முடிந்தது. ஜாமீன் இருக்கவில்லை. இறுதி விசாரணை முடிய 105 நாள் வரை ஆனதுண்டு. அதற்குள் வேலை போயிருக்கும், வாடகை வீடு போயிருக்கும், பிள்ளைகள் வேறெங்கோ இருப்பார்கள். 2021 செப்டம்பர் 17 அன்று ஆளுநர் கேத்தி ஹோக்கல் ‘குறைவே நிறைவு’ என்று பெயரிடப்பட்ட சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றே ரைக்கர்ஸ் தீவுச் சிறையிலிருந்து 191 பேர் விடுவிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். இரண்டு நாள் கழித்து அதே ரைக்கர்ஸில், நிபந்தனை மீறலுக்காக அடைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்துபோனார். சட்டத்தின் பெரும்பகுதி 2022 மார்ச் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது.

கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவில் இருந்த அந்த ஐந்தரை மாதம்தான் உன் வேலை, தம்பி. அதற்குள் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார். வாரன்ட்டில் பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அதுவரை இந்த வழக்குகளையே பார்த்திராத நீதிமன்றங்களுக்கு நேரமும் அறையும் வேண்டும், வந்து வாதாட வழக்கறிஞர் வேண்டும். மிசூரியைப் போல இந்தச் சட்டமும் தந்த, 30 நாளுக்கு 30 நாள் என்ற சலுகையை முந்தைய இரண்டு ஆண்டு வரைக்கும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும், அதுவும் ஒவ்வொருவரின் கோப்பையும் எடுத்து. வீடு திரும்பத் தாமதமானது, வேலை மாறியதைச் சொல்லாதது, கட்டணம் கட்டாதது போன்றவற்றுக்கு இனிச் சிறை இல்லை என்பது ஒவ்வொரு அலுவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சட்டசபையில் வாக்களித்தவர்கள் இதில் எதையும் செய்யப்போவதில்லை.

பல மாநிலங்களில் இந்த இடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு நாள் பயிற்சி வகுப்பு. திரையில் படங்கள், ஒரு கையேடு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பயிற்சி முடிந்தது, கொள்கை அமலாகிவிட்டது என்று தலைநகருக்கு அறிக்கை போய்விடும். இதை நீ ஏற்றுக்கொள்ளக் கூடாது.

நான் பார்த்த ஒரு மாநிலத்தில், பெயர் வேண்டாம், சட்டம் மாறி வெகுநாளாகியும் கணினியில் மீறலைப் பதிவு செய்தால் அடுத்த பக்கத்தில் இருந்தது வாரன்ட் கோரிக்கை மட்டுமே. அலுவலர் ஒருவரை எச்சரித்து அனுப்பினால் அதைப் பதியவே கட்டம் இல்லை. பதியாத வேலை மாதக் கணக்கிலும் வராது. அவ்வளவு சிரமப்பட்டு ஒருவரை வேலையில் நிலைக்க வைத்த அலுவலர் சும்மா இருந்தவராகவும், மூன்று பேரை உள்ளே தள்ளியவர் சுறுசுறுப்பானவராகவும் அறிக்கையில் தெரிந்தார்கள். எந்த மாநிலத்துக்குப் போனாலும் முதலில் படிவங்களைக் கேள். கணினித் திரைகளைப் பார். அலுவலர் காலையில் எதைத் திறக்கிறார், எதை நிரப்புகிறார், எதற்கு மேலாளரின் கையெழுத்து வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனி. சிறைக்கு அனுப்புவது எளிதாகவும் அனுப்பாமல் இருப்பது நாலு பக்க விளக்கமாகவும் இருந்தால், எந்தப் பயிற்சியும் அந்த அலுவலகத்தை மாற்றாது. எச்சரிக்கைக்கு ஒரு சொடுக்கு, வாரன்ட்டுக்குக் காரணம் எழுதும் நாலு பக்கம் என்று திருப்பிப் போட வை.

அதைவிடக் கடினமானது பயம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. வீடு திரும்பத் தாமதமானவரை உள்ளே அனுப்பிய அலுவலரை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அவர் வெளியே விட்ட ஒருவர் நாளை யாரையாவது தாக்கிவிட்டால் செய்தித்தாளில் படம் வரும், விசாரணை வரும், மேலதிகாரி விலகி நிற்பார். இருபது ஆண்டு வேலை ஒரே வாரத்தில் போகலாம். இந்தக் கணக்கு தெரிந்த மனிதர் வாரன்ட் எழுதுவது இயல்பு. அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதே. பல மாநிலங்களில் அவர்கள் துப்பாக்கியோடு வீடுகளுக்குப் போகிறவர்கள், நாம் அறிக்கையில் மட்டும் படித்த தெருக்களை நேரில் அறிந்தவர்கள். நியூயார்க் சட்டத்தை அலுவலர்கள் தரப்பும் காவல்துறைத் தரப்பும் எதிர்த்ததை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள்.

ஆராய்ச்சி முடிவுகளைக் காட்டி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. துறைத் தலைவர் எழுத்தில் கொடுக்க வேண்டும்: விதிப்படி நடந்த அலுவலரின் முடிவு பின்னர் தவறாகப் போனாலும் துறை அவர் பக்கம் நிற்கும் என்று. அந்தக் கடிதம் வரும்வரை நீ ஆணையர் அலுவலகத்தை விடாதே. ஒரு துயரச் சம்பவம் நடந்தால் பத்திரிகைகளுக்குத் துறை சார்பில் யார் பேசுவார், என்ன சொல்வார் என்பதையும் சம்பவத்துக்கு முன்பே எழுதி வைக்கச் சொல். தொழிற்சங்கத்தை வரைவு நிலையிலேயே சந்தி, அறிவிப்பு வந்த பிறகு போகாதே. இடைநிலை மேற்பார்வையாளர்களிடம் அதிக நேரம் செலவிடு. பழைய விதியில் வளர்ந்து பதவி பெற்றவர்கள் அவர்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு மேற்பார்வையாளர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை வாரன்ட்?’ என்றிருந்தால், சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த அலுவலகத்தில் அதுவே சட்டம்.

பரோலில் இருப்பவர்களிடமும் பேசு. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மோரிசி வழக்கை எடுத்துப் படி. அயோவாவில் ஒருவர் வேறு பெயரில் கார் வாங்கினார், அனுமதியின்றி ஓட்டினார் என்பன போன்ற காரணங்களுக்காக, விசாரணை ஏதும் இல்லாமல் பரோலை ரத்து செய்து உள்ளே அனுப்பினார்கள். அப்படிச் செய்யக் கூடாது, அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு நியூயார்க்கில், முறையான உரிமத்தோடு கார் ஓட்டியதற்காகப் பொதுவாகச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று சட்டத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தது. தங்கள் நிபந்தனைத் தாளில் எத்தனை வரிகள், அவற்றில் எதைக் கடைப்பிடிக்க முடிகிறது, அலுவலரைச் சந்திக்க வரும் நாளில் எவ்வளவு கூலி போகிறது என்பதைப் பரோலில் இருப்பவர்கள் சொல்லித்தான் நீ அறிய முடியும். விதி மாறியதே தெரியாமல் பழைய பயத்தோடு ஒளிந்து திரிகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கத் தாள் அச்சிடுவது உன் முதல் மாத வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிடாதே. ஒரு வருடம் கழித்து, எத்தனை வாரன்ட் குறைந்தது என்பதோடு, எந்த அலுவலகத்தில் குறையவில்லை என்றும் கேள். இனம் வாரியாகப் பிரித்துக் கேள், மாநிலச் சராசரியைக் காட்டினால் போதாது. எண்களைத் தர மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்பதை உன் அறிக்கையில் எழுது.

உன் முதல் பயணத்தில் ஆணையரைப் பார்ப்பதற்கு முன், ஏதாவது ஒரு மாவட்டப் பரோல் அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திரு. யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் காக்கிறார்கள், என்ன சொல்லி அனுப்பப்படுகிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்