குண்டாஸ் வழக்கு எடுத்திருக்கும் தம்பிக்கு



குண்டாஸில் உள்ளே போன ஒருவருக்காக ஆட்கொணர்வு மனு போட ஒப்புக்கொண்டாயாம். "மணல் திருடனுக்கா உங்க பையன் வாதாடுறான்?" என்று தாராசுரம் கடைத்தெருவிலேயே ஒருவர் உன் அப்பாவை மடக்கினார் என்றும் எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு கேள்வி: "லிபரல் சிந்தனை மனுஷனை ரொம்ப நல்லவன்னு நம்பிடுதோ சார்?"

எனக்கு அது நேர் எதிராகத்தான் படுகிறது. மனிதன் சறுக்குவான் என்பதே அதன் முதல் பாடம். அந்த மனிதர்களில் கலெக்டரும் அடக்கம், நீதிபதியும் அடக்கம். அதனால்தான் ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்கிறது.

இப்படி யோசித்த ஒருவர் நம் பக்கத்து ஆள்தான். வலங்கைமான் உனக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம். 1869-இல் அங்கே பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். 1922-இல் தேசிய லிபரல் சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கியவர். விசாரணையில்லாமல் காவலில் வைக்க வழிசெய்த ரௌலட் மசோதாவை எதிர்த்து 1919 பிப்ரவரியில் டெல்லி சட்டசபையில் அவர் பேசியதைத் தேடிப் படி. பிடிபடுகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று அவர் வாதாடவில்லை. கெட்டவனைப் பிடிக்கவென்று செய்த சட்டம் கெட்டவனோடு நிற்காது, சந்தேகம் விழுந்த எவனையும் தொடும், தொடாதவனையும் நடுங்க வைக்கும் என்றார். மார்ச்சில் சட்டம் நிறைவேறிவிட்டது. மூன்று ஆண்டில் ரத்தும் ஆனது. நடுவில் ஜாலியன்வாலா பாக் படுகொலை.

சுதந்திரம் வந்தபின் விசாரணை இல்லாத காவலை நாம் விட்டுவிட்டோமா என்ன? அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவே அதற்கு இடம் வைத்திருக்கிறது. குண்டாஸ் என்று நாம் சொல்லும், நம் மாநிலத்தின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம் கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கியது. பிறகு திருட்டு வீடியோ, மணல், சைபர் குற்றம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. கலெக்டர் கையெழுத்தில் தொடங்கும் காவல் 12 மாதம் வரை நீளலாம். காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை காவலில் இருப்பவருக்குக் கிடையாது. நீ மதுரைக் கிளையின் படியேறும்வரை அவர் தனி ஆள்.

நகல் தெளிவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று எத்தனையோ உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. இதை "ஓட்டை" என்கிறார்கள். உத்தரவு ரத்தானாலும் மணல் வழக்கு அப்படியே இருக்கிறது, அதில் சாட்சி சொல்லி நிரூபித்துத் தண்டிக்க யார் தடுத்தார்கள் என்று உன் அப்பாவைக் கேட்கச் சொல்.

அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லலாம். பெரியபுராணத்தைக் கல்லில் செதுக்கிய கோயிலுள்ள ஊர் உங்களுடையது. அந்தப் புராணத்தில் சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து "இவன் என் அடிமை" என்றபோது நடந்ததை வக்கீலின் கண்ணோடு படித்துப் பார். வந்தவர் சிவபெருமான். ஆனாலும் திருவெண்ணெய்நல்லூர் சபை அவர் வார்த்தையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. மூல ஓலையைக் கேட்டது, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டது. கடவுளே ஆனாலும் ஆவணத்தைக் காட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

ஆனால் அந்த வழக்கில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பக்தர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது எங்காவது உண்டா என்றுதான் சுந்தரர் கேட்டார். மனிதன் மனிதனுக்கு அடிமையாவது உண்டா என்று கேட்கவில்லை. பாட்டன் எழுதிக் கொடுத்தால் பேரன் கட்டுப்படுவானா என்று சபையும் கேட்கவில்லை. நடைமுறை சுத்தமாக இருந்தது. ஆள் என்பவன் யார் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. ஒருவன் பாட்டனுக்கும் சாதிக்கும் ஊருக்கும் முன்னால் தனி ஆள், அவன் சம்மதம் அவனுடையது என்று லிபரல்கள் சொன்னது அங்கேதான் வந்து சேர்கிறது.

சொன்னவர்களும் அதை முழுக்கப் பார்த்தார்களா? நம் வயல்களில் பண்ணையாள் தலைமுறை தலைமுறையாக மிராசுதார் கடனில் பிறந்து கடனில் செத்தான். பேச்சுக்கு அதுவும் ஒப்பந்தம்தான். பட்டினி கிடப்பவனின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்று மேடையில் கேட்க லிபரல்களுக்கு நேரமில்லை; செங்கொடிச் சங்கம்தான் கேட்டது. அந்த நெருக்கடியில்தான் 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்த மாத்திரத்தில் ஆளை நிறுத்த முடியாதபடி ஆனது. சாஸ்திரி போன்றவர்களின் கட்சி கரைந்து போனதற்கு இந்தக் காது கேளாமையும் ஒரு காரணம் என்பேன்.

அதற்காக அவரைத் தள்ளிவிடாதே. ஒத்துழையாமையை அவர் ஏற்கவில்லை; காந்தியிடம் அதை நேராகவே சொன்னார். 1946-இல் சென்னையில் நோயாய்க் கிடந்தபோது அவரைப் பார்க்க வந்தவர் அதே காந்தி. நம் பார் அசோசியேஷனில் எதிர்த்தரப்பு வக்கீலோடு டீ குடிக்கக்கூட யோசிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைவு வரும். அரசு வக்கீல் உனக்கு விரோதி இல்லை. வழக்குப் போட்ட இன்ஸ்பெக்டரையும் ராட்சசனாக்கி எழுதாதே. அவருக்கு மேலிடத்து நெருக்கடி என்ன என்று விசாரித்துவிட்டு எழுது. உன் கட்சிக்காரரையும் தியாகி ஆக்காதே. அவர் மணல் அள்ளியிருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. ஜாமீன் கிடைத்துவிடும் என்று கலெக்டர் எதை வைத்து முடிவுக்கு வந்தார் என்பதை முதலில் பார்ப்போம். உத்தரவோடு கொடுத்த தமிழ் நகல்கள் அத்தனையும், உன் கட்சிக்காரரின் மனைவி அனுப்பிய மனுவின் தபால் ரசீதும் வேண்டும். ரசீது ஜெராக்ஸ் போதாது, அசலையே கொண்டு வா.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து உன் சீனியர்