மஞ்சள் மூடித் தொட்டியும் கட்டிய பைகளும்

சென்ற ஆண்டு எமது மகோற்சவம் நிறைவெய்திய மறுவாரம், மண்டபத்தின் பின்புறம் வைக்கப்பட்டிருந்த ஆறு மஞ்சள் மூடித் தொட்டிகளில் நான்கினை லொறி எடுக்காமல் விட்டுச் சென்றது. விடப்பட்ட ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மீள்சுழற்சிக்கு உதவாத பொருட்கள் உள்ளே இருப்பதாக அதில் எழுதியிருந்தது.

திறந்து பார்த்தோம். வாய் இறுகக் கட்டிய பைகள்தான் மேலிருந்து அடிவரை. ஒன்றை வெட்டினால், தாகசாந்திப் பந்தலில் கொடுத்த தண்ணீர்ப் போத்தல்களும், அபிஷேகத்திற்கு வந்த பால் போத்தல்களும், சோறும் சாம்பாரும் ஒட்டிய கடதாசித் தட்டுகளும் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றையும் குப்பையாகவே அகற்றுவதற்குச் சங்கம் பணம் கட்டியது. தொகை பெரிதல்ல. ஆனால் அந்தச் சீட்டுகளைப் பார்த்தபோது எமக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

இதைச் செய்தவர் யாரென்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாம் எல்லோரும் செய்தோம். சோம்பலினாலும் அல்ல. எதையும் பையில் போட்டுக் கட்டி, ஈ மொய்க்காமல், பார்ப்பவர் முகஞ்சுளிக்காமல் வைக்க வேண்டும் என்ற துப்புரவு எண்ணத்தினால் செய்தோம். சிவப்பு மூடித் தொட்டிக்கு அது சரி. மஞ்சள் மூடித் தொட்டிக்கு அதுவே பிழை. இந்த ஒன்றை விளக்குவதற்காகவே இம்மாதப் பாடப் பகுதியை ஒதுக்கினோம். பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பக்கத்திலும் இதன் சுருக்கம் உண்டு.

விடயத்தை எமக்கு விளங்க வைத்தவர் எமது அங்கத்தவர் ஒருவரே. செயற்குழுக் கூட்டத்தில் அதிகம் பேசாதவர். சிட்னிக்கு வந்த முதலாண்டில், மஞ்சள் தொட்டிப் பொருட்களைத் தரம்பிரிக்கும் நிலையமொன்றில் வேலை செய்தவர் என்பதை அன்றுதான் அறிந்தோம். கூட்டத்தில் ஓர் அம்மா, "தம்பி, ஊத்தைச் சாமானைக் கட்டாமல் போட்டால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்று கேட்டார். அவர் சொன்ன மறுமொழி இது: "அம்மா, கட்டினால் உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அங்க நிக்கிற எங்களுக்குத் தெரியாது. எங்களோட நிண்ட ஒருத்தர் ஒருநாள் பையை அவிழ்க்கேக்க ஊசி குத்தினது. மூண்டு மாதம் இரத்தம் சோதிச்ச பிறகுதான் அந்தாளுக்கு நித்திரை வந்தது. அதுக்குப் பிறகு கட்டின பையை ஒருத்தரும் தொடுறேல்லை. அப்பிடியே குப்பைக்குத்தான்."

அத்தகைய நிலையத்தில் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லொறி கொட்டும் குவியல் ஓடும் பட்டியொன்றில் ஏறுகிறது. முதலில் மனிதர் இருபுறமும் நின்று, வரக்கூடாதவற்றைக் கையால் பிடுங்கி எறிகின்றனர். நப்பி, தோட்டத்துக் குழாய், பழைய சப்பாத்து, கட்டிய பை யாவும் அங்கு வந்து சேர்கின்றனவாம். அதன்பின் சுழலும் தட்டுகள் கொண்ட சல்லடைகள் மட்டைகளையும் கடதாசிகளையும் மேலே மிதக்கவிட்டுப் போத்தல்களைக் கீழே விழுத்துகின்றன. காந்தம் இரும்புப் பேணிகளை இழுக்கிறது. அலுமினியப் பேணிகளை வேறொரு மின்காந்த முறை துள்ளி விழச் செய்கிறது. பிளாஸ்டிக் வகைகளை அகச்சிவப்பு ஒளி அடையாளம் கண்டு, காற்றால் ஊதிப் பிரிக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கும் கரி அவ்வொளியை விழுங்கிவிடுவதால் அதனை இயந்திரம் காண்பதே இல்லை. சாப்பாட்டுக் கடைகள் கறி கட்டித் தரும் கறுப்புப் பெட்டி பெரும்பாலும் வீணாவது இதனாலேயே.

பொலித்தீன் பை அந்தச் சுழலும் தட்டுகளில் தலைமயிர் போலச் சுற்றிக்கொள்ளும். அப்போது முழு ஆலையையும் நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு பைதானே என்று நாம் நினைப்பது அங்கே ஒரு மனிதனுக்கு ஆபத்தான வேலையாகிறது.

துப்புரவான பொருளுக்கே விலை உண்டு என்பதை 2018ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அதுவரை அவுஸ்திரேலியா உட்படப் பல நாடுகளின் பழைய கடதாசியையும் பிளாஸ்டிக்கையும் வாங்கி வந்த சீனா, பல வகைகளைத் தடுத்தது. ஏனையவற்றில் அழுக்கு நூற்றுக்கு அரை வீதத்தை மிஞ்சக்கூடாது என்றும் விதித்தது. அதன்பின் அழுக்கான குவியலை வாங்குவார் அருகிவிட்டனர்.

இனி எமது குசினிக்கு வருவோம். தேங்காய்ப்பால் பேணி, மீன் பேணி, நெய்த் தகரம், ஊறுகாய்ப் போத்தல், பால் போத்தல் ஆகியவை மஞ்சள் தொட்டிக்குரியவை. பாத்திரம் கழுவிய மிச்சத் தண்ணீரில் ஒருமுறை அலசினாற் போதும், பளபளக்க வேண்டியதில்லை. அலசிய பின் பையின்றி, தனித்தனியாகப் போடுங்கள். அரிசிச் சாக்கு, உறையவைத்த தேங்காய்ப்பூவின் பை, பிஸ்கற் உறை இவற்றை அதில் போடக்கூடாது. உடைந்த குடிகண்ணாடியையும் பீங்கானையும் போத்தலோடு சேர்க்கக்கூடாது. அவை உருகும் வெப்பநிலை வேறு. எண்ணெய் ஊறிய கடதாசிக்கு இடம் சிவப்புத் தொட்டி. கவுன்சிலுக்குக் கவுன்சில் விதிகள் சிறிது மாறுவதால், உங்கள் வீட்டுக்கு வரும் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

மென்பிளாஸ்டிக் பைகளைப் பல்பொருள் அங்காடிகளில் சேகரித்து வந்த ரெட்சைக்கிள் என்னும் திட்டம் 2022 நவம்பரில் நின்றுபோனது. சேகரித்தவை பண்டகசாலைகளில் மலையாய்க் குவிந்து கிடந்தமை அப்போதுதான் வெளியே தெரிந்தது. நாம் பல ஆண்டுகள் மடித்து மடித்துக் கொண்டுபோய்ப் போட்டவர்கள். மனம் சலித்தது உண்மை. கடையில் பை வாங்காமல் விடுவதே இதில் நிச்சயமான வழி.

உணவுக் கழிவு பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஊரில் எமது வீடுகளில் இதற்குத் தொட்டியே இருந்ததில்லை. அரிசி கழுவிய நீரும் மரக்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குள் போகும். பானை மாட்டிடம் போகும். வளவுக் குப்பை கிடங்கில் மக்கி வாழைக்கு எருவாகும். சிரட்டை அடுப்புக்கு, பொச்சும் சாம்பலும் பாத்திரம் துலக்க. மீள்சுழற்சி என்ற சொல்லை அறியாமலே அதைச் செய்த அம்மாமாரின் பிள்ளைகள் நாம்.

இங்கே அதே தோலைச் சிவப்புத் தொட்டியில் போட்டால் என்னவாகிறது? சிட்னிக் குப்பையின் ஒரு பகுதி கிளைட் போன்ற நிலையங்களில் ரயிலில் ஏற்றப்பட்டு, சுமார் 250 கிலோமீற்றர் பயணம் செய்து, கோல்பேணுக்குத் தெற்கே தாராகோ அருகேயுள்ள வுட்லோன் என்னும் பழைய சுரங்கக் குழியைச் சென்றடைகிறது. காற்றுப்படாமல் புதைந்த உணவு அழுகும்போது மீதேன் வாயு உண்டாகிறது. அதைப் பிடித்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள் என்றாலும் குப்பை மேடுகளில் முழுவதையும் பிடிக்க இயலாது. வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் மீதேன் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலியது.

ஆகவே உணவுக் கழிவைப் பச்சை மூடித் தொட்டியில் தோட்டக் கழிவுடன் சேர்க்கும் முறை வந்துள்ளது. பென்ரித் பகுதியில் இது 2009இலேயே தொடங்கியது. 2025இல் நியூ சவுத் வேல்ஸ் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2030 யூலை முதலாந் திகதிக்குள் மாநிலமெங்கும் வீடுகளுக்கு இது கிடைக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு இன்னும் வரவில்லையாயின் பச்சைத் தொட்டியில் உணவைப் போடாதீர்கள். வளவில் ஒரு கூட்டெருப் பெட்டி வைக்கலாம். ஈரமான தோலுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ காய்ந்த இலையும் கிழித்த பத்திரிகையும் சேர்த்து, இடைக்கிடை கிளறிவிட்டால் நாற்றம் வராது. மீனும் இறைச்சியும் எலியை அழைக்கும், தவிருங்கள். சிரட்டை மக்குவதற்கு வருடக்கணக்கு ஆகும். பூமாலையைப் போடுமுன் நூலையும் சரிகையையும் கழற்றுங்கள்.

அன்னதானத் தட்டுகள் பற்றிப் பலர் கேட்டனர். பிளாஸ்டிக் தட்டும் கரண்டியும் இம்மாநிலத்தில் 2022 நவம்பர் முதல் தடை. அதற்குப் பதிலாகச் சங்கம் வாங்கிய கரும்புச் சக்கைத் தட்டில் "மக்கக்கூடியது" என்று அச்சிட்டிருந்ததால் அதைப் பச்சைத் தொட்டியில் போடலாம் என்று நாமே அறிவித்துவிட்டோம். அது எமது தவறு. இம்மாநிலத்தின் சுற்றாடல் அதிகாரசபை அத்தகைய தட்டுகளைப் பச்சைத் தொட்டிக்கு அனுமதிப்பதில்லை. அவற்றில் சேரும் இரசாயனங்கள் எருவைக் கெடுக்கும் என்பதே காரணம். வாழையிலையோ உணவுக் கழிவு ஏற்கும் பச்சைத் தொட்டியில் தாராளமாகப் போகும். இலையின் விலையைப் பொருளாளர் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பத்துச் சதத் திட்டம் இங்கு 2017 டிசம்பரில் ஆரம்பமானது. தென் அவுஸ்திரேலியாவில் 1977 முதலே உண்டு. 150 மில்லிலீற்றர் முதல் 3 லீற்றர் வரையான பெரும்பாலான பானப் போத்தல்களுக்கும் பேணிகளுக்கும் பணம் கிடைக்கும். நசுக்காமலும் ஒட்டிய தாளைக் கிழிக்காமலும் கொண்டு செல்லுங்கள். வெறும் பால் போத்தலுக்குப் பணம் இல்லை. அது மஞ்சள் தொட்டிக்கு. சென்ற திருவிழாவில் கட்டி எறிந்த தண்ணீர்ப் போத்தல்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் தமிழ்ப் பாடசாலைக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாம் என்று எமது அதிபர் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

இரண்டு விடயங்கள் சுருக்கமாக: வடை பொரித்த எண்ணெயைத் தொட்டிக்குள் கழுவி ஊற்றாதீர்கள், ஆறவிட்டு, மூடியுள்ள பாத்திரத்தில் அடைத்துச் சிவப்புத் தொட்டியில் போடுங்கள். பற்றரியை எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். நசுங்கினால் லொறிக்குள்ளேயே தீப்பிடிக்கும். பெரிய அங்காடிகளில் அதற்கெனப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

இவ்வாண்டு திருவிழாவில் மஞ்சள் தொட்டிகள் மண்டபத்தின் பின்புறத்திலிருந்து முன்வாசலுக்கு வருகின்றன. ஒவ்வொரு தொட்டியருகிலும் உயர்வகுப்பு மாணவர் இருவர் நிற்பர். தரம்பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்த அங்கத்தவர் முதல் நாள் மாலை அவர்களுக்கு வகுப்பு எடுப்பார். கட்டிய பையுடன் வருபவரிடம் பிள்ளைகள் கத்தரிக்கோலை நீட்டுவார்கள், கோபிக்க வேண்டாம்.