ஜிஆர்இ கணக்கும் லோன் கணக்கும்: கால்குலேட்டரைத் தேடாமல் விடை பிடிப்பது எப்படி?



எஜுகேஷன் லோன் பற்றி வீடியோ போட்டாலே அடுத்து வரும் கேள்வி இதுதான்: "என் பையன் ஜிஆர்இ எழுதப் போறான், குவான்ட் பகுதிக்கு எப்படித் தயாராகணும்?" ஃபைனான்ஸ் சேனல்ல இதை ஏன் கேக்குறாங்கன்னு யோசிச்சா, காரணம் இருக்கு. அந்தப் பரீட்சையில் வரும் சதவீதம், வட்டி, சராசரிக் கணக்கெல்லாம் நாம வாரா வாரம் இங்கே பேசுறதுதான். லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடும்போது தேவைப்படுவதும் அதே கணக்குதான். அதனால இன்னைக்கு ரெண்டையும் சேர்த்தே பார்த்துடலாம்.

முதல்ல பரீட்சையின் அமைப்பு. 2023 செப்டம்பரில் இருந்து ஜிஆர்இ சுருக்கப்பட்டுவிட்டது. இப்போது குவான்ட்டில் ரெண்டு செக்‌ஷன். முதலாவதில் 12 கேள்வி, 21 நிமிடம். இரண்டாவதில் 15 கேள்வி, 26 நிமிடம். ஆக 27 கேள்விக்கு 47 நிமிடம், ஒரு கேள்விக்கு சுமார் 1 நிமிடம் 44 விநாடி. மதிப்பெண் 130-இல் தொடங்கி 170 வரை. முதல் செக்‌ஷனை எப்படிச் செய்றீங்கங்கறதைப் பொறுத்து இரண்டாவது செக்‌ஷன் கடினமாவோ சுலபமாவோ வரும். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. அதனால எந்தக் கேள்வியையும் காலியா விட்டுட்டு வராதீங்க.

திரையிலேயே ஒரு கால்குலேட்டர் இருக்கும். ஆனா அதை நம்பி உட்கார்ந்தா நேரம் போயிடும். குறிப்பா "குவான்டிடேட்டிவ் கம்பேரிசன்" வகைக் கேள்விகளில். நம்ம ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான், ஏன்னா பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு கேள்வி வகையே கிடையாது.

அது எப்படி இருக்கும்னா, ரெண்டு அளவு கொடுப்பாங்க. குவான்டிட்டி ஏ, குவான்டிட்டி பி. விடைகள் எப்பவும் இதே நாலுதான்: ஏ பெரியது, பி பெரியது (இது பி விடை), ரெண்டும் சமம் (சி), கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது (டி). எது பெருசுன்னு சொன்னா போதும், எவ்வளவு பெருசுன்னு சொல்ல வேண்டாம். இந்த ஒரு வரியைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதி நேரம் மிச்சம்.

ஒரு கணக்கு பார்ப்போம். 10,000 ரூபாயை ஒரு வருடத்துக்குப் போடுகிறோம்.

குவான்டிட்டி ஏ: ஆண்டுக்கு 8%, அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி, கிடைக்கும் வட்டி.
குவான்டிட்டி பி: ஆண்டுக்கு 8.1% தனி வட்டி, கிடைக்கும் வட்டி.

ஃபார்முலா எழுத வேண்டாம். ஏ-யில் முதல் ஆறு மாதத்துக்கு 4%, அதாவது 400. அடுத்த ஆறு மாதத்துக்கு 10,400-க்கு 4%, அதாவது 416. மொத்தம் 816. பி-யில் 810. விடை ஏ. கேள்வியில் எழுதியிருக்கும் சதவீதம் பி-யில்தான் அதிகம், ஆனா பணம் ஏ-யில்தான் அதிகம். எஃப்டி போடும்போது வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சேர்க்கப்படுதுன்னு கேளுங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

இதுல இன்னொரு விஷயம். ரெண்டு பக்கமும் வெறும் எண்கள் மட்டுமே இருந்து, தெரியாத ஒரு மதிப்பும் இல்லைன்னா, டி விடையாகவே இருக்க முடியாது. கணக்குப் போட்டா கட்டாயம் ஒரு பதில் வரும். நேரம் இல்லாம குத்துமதிப்பா போடணும்னாலும், டி-யைக் கழிச்சுட்டு மத்த மூணுல ஒண்ணைப் போடலாம்.

சரி, டி எப்போ வரும்? இதைப் பாருங்க. ஒரு கடை விலையை 10% ஏத்துது. இன்னொரு கடை 20% ஏத்துது.

குவான்டிட்டி ஏ: முதல் கடையின் புதிய விலை.
குவான்டிட்டி பி: இரண்டாவது கடையின் புதிய விலை.

அவசரத்துல கை பி-க்குப் போகும். ஆனா பழைய விலை என்னன்னே சொல்லலையே! முதல் கடையில் 1,000, இரண்டாவதில் 100 ஆக இருந்தா? விடை டி. சதவீதத்தைப் பார்த்தவுடனே "எதில் இருந்து?" என்று கேட்கணும். "30% ரிட்டர்ன் கொடுத்த ஃபண்ட்" என்று விளம்பரம் வந்தாலும் அதே கேள்விதான். எந்தத் தேதியில் இருந்து? கீழே விழுந்து கிடந்த நாளில் இருந்து எண்ணினால் எந்த ஃபண்டும் அழகாத்தான் தெரியும். 50% விழுந்த ஃபண்ட் பழைய இடத்துக்கு வர 50% ஏறினா போதாது, 100% ஏறணும். 20% விழுந்தா 25%.

எக்ஸ் மாதிரி தெரியாத மதிப்பு வந்தா, எண்களைப் போட்டுப் பாருங்க. ஆனா 2, 3, 5 என்று வசதியான எண்களை மட்டும் போட்டா மாட்டிக்குவீங்க. 0, 1, ஒரு பின்னம், ஒரு மைனஸ் எண், இந்த நாலையும் கேள்வி அனுமதிக்கிற வரைக்கும் போட்டுப் பாருங்க. எக்ஸ் பூஜ்ஜியத்தைவிடப் பெரியதுன்னு சொல்லி, எக்ஸின் வர்க்கத்தையும் எக்ஸையும் ஒப்பிடச் சொன்னா, 2 போட்டா வர்க்கம் பெருசு, அரை போட்டா எக்ஸ் பெருசு. ரெண்டு முயற்சியில் ரெண்டு வேற பதில் வந்தா அங்கேயே நிறுத்திடலாம், விடை டி.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச வகை, சராசரி. போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே தூரம் திரும்பும்போது 60, சராசரி வேகம் என்னன்னு கேட்டா பலரும் 50 என்பார்கள். 48 தான் சரி, ஏன்னா மெதுவா போகும்போது அதிக நேரம் வண்டியில் இருக்கோம். ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணினா இது மறந்து போகும். எஸ்ஐபி-யா பாருங்க, மறக்கவே மறக்காது. ஒரு மாதம் 6,000 ரூபாய் போடுறீங்க, என்ஏவி 40. கிடைக்கிறது 150 யூனிட். அடுத்த மாதம் அதே 6,000, என்ஏவி 60. கிடைக்கிறது 100 யூனிட். 12,000 ரூபாய்க்கு 250 யூனிட், ஒரு யூனிட் 48 ரூபாய். விலை குறைவா இருந்த மாதத்தில் அதிக யூனிட் வாங்கினதால் சராசரி கீழே இறங்குது. கார் கணக்கும் எஸ்ஐபி கணக்கும் அச்சு அசல் ஒண்ணுதான்.

இப்போ லோனுக்கு வருவோம், இதுல பெரிய தொகை இருக்கு. 20 லட்சம் ரூபாய் லோன், 10% வட்டி, படிப்பு 2 வருடம், அதன்பிறகு 1 வருடம் கழித்துத்தான் இஎம்ஐ ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 வருடம் தனி வட்டியா, கூட்டு வட்டியா? தனி வட்டி என்றால் வருடம் 2 லட்சம், மூணு வருடத்துக்கு 6 லட்சம். வருடத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி என்றால்? முதல் வருடம் 2 லட்சம், இரண்டாவது 2.2 லட்சம், மூன்றாவது 2.42 லட்சம், மொத்தம் 6.62 லட்சம். வித்தியாசம் 62,000 ரூபாய். முதல் இஎம்ஐ கட்டுறதுக்கு முன்னாடியே! நிஜத்தில் வங்கி முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்காது, செமஸ்டர் செமஸ்டராகத்தான் போகும், அதனால உங்க வித்தியாசம் இதைவிடக் குறைவா வரும். ஆனாலும் சாங்க்‌ஷன் கடிதத்தில் இந்த ஒரு வரியைத் தேடிப் படிச்சுடுங்க. படிக்கும் காலத்திலேயே மாதா மாதம் வட்டியைக் கட்ட முடிஞ்சா இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இதே போல இன்னொன்று "ஃப்ளாட் ரேட்". லேப்டாப், விமான டிக்கெட் என்று சின்ன லோன் எடுக்கும்போது வரும். 1 லட்சம், 12 மாதம், 10% ஃப்ளாட் என்றால் மொத்த வட்டி 10,000, மாதம் 9,167 ரூபாய். கேட்க 10% மாதிரிதான் இருக்கு. ஆனா முதல் மாதம்தான் உங்ககிட்ட 1 லட்சம் இருக்கு, கடைசி மாதம் 8,333 ரூபாய்தான் பாக்கி. ரெண்டுக்கும் சராசரி எடுத்தா சுமார் 54,000. 54,000-க்கு 10,000 வட்டி என்றால் அது 18% பக்கம் வந்துடும். குவான்டிட்டி பி-யில் "15%" என்று கொடுத்திருந்தா, விடை ஏ என்று சொல்ல இந்த மதிப்பீடு போதும். துல்லியமா 17.97-ஆ 18.1-ஆ என்று பார்க்கவே தேவையில்லை. சேல்ஸ்மேன் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான்.

பயிற்சி விஷயத்தில் என் கருத்து: புத்தகம் புத்தகமா வாங்கிக் குவிக்க வேண்டாம். பரீட்சை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே தங்கள் தளத்தில் இலவசப் பயிற்சித் தேர்வு கொடுக்குது. அதை முதல்ல நேரம் வெச்சு எழுதுங்க. அப்புறம் தப்பான கேள்விகளை ரெண்டா பிரிங்க, கணக்கே தெரியாதவை ஒரு பக்கம், தெரிஞ்சும் கேள்வியைச் சரியா படிக்காதவை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் நீளமா இருந்தா புதுப் பாடம் எதுவும் படிக்காதீங்க, கேள்வியைப் படிக்கும் வேகத்தைக் குறைங்க.

கடைசியா ஒரு கணக்கு. பேப்பர் எடுக்காம 1 நிமிடத்தில் முயற்சி பண்ணுங்க. ரெண்டு இடத்திலும் 10,000 ரூபாய் போடுறோம், ரெண்டு வருடத்துக்கு.

குவான்டிட்டி ஏ: முதல் வருடம் 20% விழுந்து, இரண்டாவது வருடம் 30% ஏறும் ஃபண்டில் கையில் இருக்கும் தொகை.
குவான்டிட்டி பி: ரெண்டு வருடமும் 2% மட்டும் தரும் கணக்கில் கையில் இருக்கும் தொகை.

ஃபண்டின் "சராசரி ஆண்டு ரிட்டர்ன்" 5% என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆனா 10,000 முதலில் 8,000 ஆகி, அப்புறம் 10,400 ஆகுது. 2% கணக்கில் 10,200 ஆகி, பிறகு 10,404 ஆகுது. விடை பி, 4 ரூபாய் வித்தியாசத்தில்.