பனிமலையில் முதல் இந்தியர்

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் முதன்முதலாகக் கலந்துகொண்டவர் ஒரு போலந்துக்காரர் என்று எண்ணூர் நண்பர் பந்தயம் கட்டுகிறார். மெய்தானா?
– ஒரு வாசகர், ராயபுரம்.

பதில்: பந்தயப் பணத்தை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தத் துணியாத உங்கள் ராயபுரத்தில் இருந்துகொண்டு இதை நம்புவது கடினமே ஆயினும், 1939-ல் அன்றைய போலந்திலும் இன்றைய லிதுவேனியாவிலும் அடங்கிய துருஸ்கினின்காய் என்ற ஊரில் ஜனித்த ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பவர்தாம், 1964-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் நம் தேசத்தின் ஏக பிரதிநிதியாக மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் இறங்கினார். பந்தயத்தை அவர் முடிக்கவில்லை என்று நகைப்பதற்குமுன், அவ்வாண்டு பனி போதாமல் ராணுவத்தார் சுமார் 40,000 கன மீட்டர் பனியைச் சுமந்துவந்து சரிவுகளில் கொட்ட நேர்ந்ததையும், அதே சரிவில் ஒத்திகையின்போது ராஸ் மில்ன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் மரத்தில் மோதி மாண்டதையும் நினைவிற் கொள்வது நியாயம். அத்தகைய சரிவில் இறங்கத் துணிந்ததே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

1968-ல் பிரான்ஸின் கிரெனோபிளிலும் அவரே தனியொருவராக வந்தார். அதன்பின் இந்தியக் கொடி குளிர்கால ஒலிம்பிக்கில் மீண்டும் தோன்றியது, இருபது ஆண்டு கழித்து, 1988-ல் கனடாவின் கால்கரியில்தான்.