காய்ச்சல் வந்தால் கெண்டைக்காலையும் கேளுங்கள்

மழை தொடங்கிவிட்டால் நம் லயங்களில் காய்ச்சலும் தொடங்கிவிடும். "மழையில நனைஞ்ச காய்ச்சல்தானே, ரெண்டு பெனடோல் போட்டா சரியாயிரும்" என்று சொல்லி, கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு, மறுநாள் பெரட்டுக்குப் போகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பேர் போய்விடுமே என்ற கவலை நமக்குப் புரியாமல் இல்லை. பெரும்பாலான காய்ச்சல் அப்படியே இறங்கியும் விடும். ஆனால் இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் அப்படி விட்டுவிடக்கூடாத ஒரு காய்ச்சல் இருக்கிறது. அதுதான் எலிக்காய்ச்சல். சிங்களத்தில் 'மீ உண' என்பார்கள்.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோருக்கு இந்தக் காய்ச்சல் என்று பதிவானது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். இரத்தினபுரி மாவட்டம் பல வருடங்களாக இந்த நோய் அதிகம் காணப்படும் இடங்களில் ஒன்று. ஓயாத மழை, வயல், மாணிக்கக் குழி மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதே காரணம்.

இதை உண்டாக்கும் கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. சுருள் கம்பி போன்ற வடிவம். கண்ணுக்குத் தெரியாது. 1915இல் ஜப்பானில் இனாடா, இடோ என்ற இரண்டு வைத்தியர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் சிலர் மாணிக்கக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். நோயும் அதே நோய்தான், தண்ணீரும் அதே மாதிரித் தண்ணீர்தான்.

இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. அது ஒண்ணுக்கு இருக்கும்போதெல்லாம் கிருமி வெளியே வந்து கான், சேறு, தேங்கிய தண்ணீர் எல்லாவற்றிலும் கலந்துவிடும். மாடு, எருமை, நாய் மூலமும் வரலாம். ஈரமான மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், நல்ல வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். கான் வெட்டும்போது காலில் உள்ள கீறல், பித்தவெடிப்பு, அட்டை கடித்த காயம் வழியாக உள்ளே போகும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். போனவுடன் காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே வரும். அதனால்தான் பலபேர் சேற்று வேலையையும் காய்ச்சலையும் சேர்த்து நினைப்பதில்லை.

அடையாளங்களைப் பார்ப்போம். திடீரென்று கடுமையான காய்ச்சல், நடுக்கம், தலையிடி. இவை எல்லாக் காய்ச்சலிலும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது கெண்டைக்கால். முழங்காலுக்குக் கீழே பின்பக்கச் சதையை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். தொட்டாலே "ஐயோ" என்று காலை இழுத்தால் சந்தேகப்படுங்கள். மலையேறி இறங்கிய நோவு என்று தைலம் போட்டு நீவிக்கொண்டு இருக்காதீர்கள். அடுத்தது கண். பீளை இல்லாமல் கண் இரண்டும் சிவந்திருக்கும். ஆனால் இந்த அடையாளங்கள் இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

கிருமி ஈரலைத் தாக்கினால் கண் மஞ்சளாகும். சிறுநீரகத்தைத் தாக்குவது இன்னும் பெரிய ஆபத்து. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், விலா எலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி, நம் கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. தேயிலைத்தூளை வடி வடிப்பது போல, அவை இரத்தத்தில் உள்ள கழிவை வடித்து வெளியே தள்ளுகின்றன. அவை நின்றுவிட்டால் கழிவு உடம்பிலேயே தங்கும். ஆகவே காய்ச்சல்காரரிடம் "காலையிலிருந்து எத்தனை தரம் ஒண்ணுக்குப் போனீங்க?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வழமையைவிடக் குறைந்திருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமும்போது இரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அன்றே, இரவானாலும், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்குங்கள்.

ஆரம்பத்திலேயே போனால் கிருமியைக் கொல்லும் மருந்துகள் இருக்கின்றன, பெரும்பாலானோர் குணமாகி வருகிறார்கள். பெனடோலை அளவோடு போடலாம். ஆனால் கடையில் கேட்டு வாங்கும் வேறு வலிக் குளிசைகளும் ஊசியும் வேண்டாம். அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கையும் கூட்டும். எந்தக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்து முடிவு கட்ட நம்மால் முடியாது.

சேற்று வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே போடும் குளிசை உண்டு. டொக்சிசைக்கிளின் என்று பெயர். வாரத்துக்கு ஒரு தரம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ பி.எச்.ஐ. ஐயாவிடமோ கேட்டால் விபரம் சொல்லுவார்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இதைப் போடக்கூடாது. குளிசை போட்டாலும் நோய் வராது என்று உறுதி இல்லை, காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். சப்பாத்து போட்டால் மலையில் சறுக்குகிறது என்கிறார்கள். அது உண்மைதான். ஆனாலும் கானிலும் வயலிலும் இறங்கும்போது போடுங்கள். காயத்தை மூடிக் கட்டுங்கள். மிச்சச் சோற்றை லயத்துக்குப் பின்னால் கொட்டுவது எலிக்கு விருந்து வைப்பதுதான்.

இன்னும் ஒன்று. நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனையில் இது தெரியாமலும் போகலாம். அடையாளத்தையும் நீங்கள் சொல்வதையும் வைத்தே வைத்தியர் மருந்தைத் தொடங்குவார். ஆகவே கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எங்கே, எந்தக் கிழமை, கானிலா, வயலிலா, குழியிலா இறங்கினேன் என்று. தமிழ் தெரியாதவராக இருந்தால் "மடே வெட கெருவா" என்றால் போதும். சேற்றில் வேலை செய்தேன் என்று விளங்கிக்கொள்வார்.