ஈரலும் தமனியும்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823-ஆம் ஆண்டு நிறுவிய மருத்துவப் பள்ளியே இன்று ஜிப்மர் என வளர்ந்து நிற்கின்றது. அதற்கு நான்காண்டு முன்னர், லயென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர், ஈரல் சுருங்கி இறுகும் நோய்க்குப் பெயர் சூட்டினார். அந்நோய் குடியரையே பற்றும் என்பது நெடுநாள் நம்பிக்கை. மதுவைத் தீண்டாதார் ஈரலிலும் கொழுப்புப் படிதலை இன்று காண்கிறோம். அது முற்றினும் ஈரல் இறுகும்.

அதனினும் வியப்பு, அவருட் பலர்க்குத் தமனிகளும் விறைத்திருத்தல். இதயம் துடிக்குந்தோறும் எழும் நாடியலை, நெகிழ்ந்த தமனியில் மெல்லச் செல்லும். விறைத்த தமனியிலோ நொடிக்கு 10 மீட்டரையும் கடந்து விரையும். விரைவு நலமென்று எண்ணற்க! இன்சுலின் செயல் தளர்தலும் அழற்சி நீடித்தலும் ஈரலுக்கும் தமனிக்கும் பொதுப்பகை. கொழுத்த ஈரலுடையார் பலர் ஈரலால் அன்றி நெஞ்சுநோயாலேயே மாய்கின்றனர். ஆதலின், ஈரலிற் கொழுப்பைக் கண்ட மருத்துவர் குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் உடன் சோதிக்கின்றனர்.